ஒரு தூசு, ஐந்து கோடி டாலர்!

2019 மார்ச் கடைசி வாரம். 'தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழின் தொழில்நுட்பப் பத்தியைப் படிக்க உட்கார்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்திருப்பார்கள். தலைப்பிலேயே எழுத்துகளைக் காணோம். உள்ளே போனால் 'ஈ' எழுத்து இல்லை, 'ஆர்' எழுத்து இல்லை; பல் விழுந்த வாய் போல வாக்கியங்கள். பத்தியாளர் ஜோவானா ஸ்டெர்னின் மேக்புக் ஏர் லேப்டாப்பில் சில கீகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அந்த நிலையில் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டிருந்தார். காணாமல்போன எழுத்துகளை வேண்டியவர்கள் வரவழைத்துப் படித்துக்கொள்ள இணையப் பதிப்பில் வசதி செய்திருந்தார்கள். அந்தப் பத்திக்காக ஆப்பிள் தந்த பதிலில் ஒரு மன்னிப்பும் இருந்தது. சிறு எண்ணிக்கையிலான பயனாளர்களுக்கே பிரச்னை, அதற்காக வருந்துகிறோம் என்பது அதன் சாரம்.

விலை உயர்ந்த லேப்டாப், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, முன்னணிப் பத்திரிகை. இத்தனையையும் ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு தூசு.

கீபோர்டு தகராறு என்பது லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கும் புதிதில்லை. திரை உடைந்தால் உடனே தெரியும். பேட்டரி போனால் சார்ஜர் கைகொடுக்கும். கீ ஒன்று மக்கர் செய்தால் மட்டும் கணினி முழுக்க நன்றாக ஓடிக்கொண்டிருக்க, வேலை ஒன்றும் நடக்காது. பாஸ்வேர்டில் அந்த எழுத்து இருந்துவிட்டால் உள்ளேயே போக முடியாது. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வேதனை இன்னும் கொஞ்சம் கூடுதல். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் புள்ளிக்கான இடம் ஆங்கில 'எஃப்' கீ. அது போனால் 'தமிழ்' வராது, 'தமிழ' என்றுதான் வரும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் மென்பொருளே புள்ளி வைத்துக்கொள்ளும் என்பதால் 'அம்மா'வும் 'அப்பா'வும் தப்பிவிடுவார்கள். 'நான்', 'அவள்', 'ஊர்' எல்லாம் புள்ளி இழந்து நிற்கும்.

இப்படி ஒரு கீ நின்றுபோனால் என்ன செய்யலாம், எங்கே தொடங்கலாம், எப்போது கடைக்கு எடுத்துப் போகலாம் என்பதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், அந்த ஆப்பிள் கதையை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. கீபோர்டு பழுதில் எது சின்ன விஷயம், எது பெரிய விஷயம் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை.

பட்டாம்பூச்சி வந்த கதை

2015 மார்ச் 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விழாவில் ஆப்பிளின் பில் ஷில்லர் 12 அங்குல மேக்புக்கை அறிமுகம் செய்தார். தடிமன் 13.1 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த ஒல்லியான உடம்புக்குள் வழக்கமான கீபோர்டு அடங்காது என்பதால் புதிதாக ஒன்றை வடிவமைத்திருந்தார்கள். அதன் பெயர் பட்டர்ஃப்ளை.

சாதாரண லேப்டாப் கீயின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் கத்தரிக்கோல் போல நடுவில் குறுக்கிட்டு நிற்பது தெரியும். கீயை அழுத்தினால் சட்டங்கள் தட்டையாகும், விட்டால் எழும். பட்டர்ஃப்ளையில் இந்தக் குறுக்கு அமைப்பு கிடையாது. நடுவில் கீல் வைத்த இரண்டு இறக்கைகள் மட்டும். பழைய அமைப்பைவிட 40 சதவீதம் மெல்லியது, நான்கு மடங்கு ஆடாமல் நிற்கும் என்று ஆப்பிள் அறிவித்தது. இரண்டும் பொய்யான பெருமைகள் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் தட்டினாலும் கீ சாயாமல் நேராக இறங்கியது. ஆனால், அது இறங்கும் தூரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய இடைவெளியில் ஒரு மணல் துகளோ ரொட்டித் துணுக்கோ மாட்டிக்கொண்டால் இறக்கை மடங்க இடமில்லை. கீ இறங்காது, அல்லது இறங்கி, ஒருமுறை தட்டினால் இரண்டுமுறை எழுத்து விழும்.

2016 அக்டோபரில் இதே கீபோர்டின் இரண்டாம் தலைமுறை மேக்புக் புரோவுக்கும் வந்தது. எழுத்தாளர்கள், நிரலாளர்கள், மாணவர்கள் என்று நாள் முழுக்கத் தட்டுகிறவர்களின் இயந்திரம் அது. புகார்கள் குவியத் தொடங்கின. 2017 அக்டோபரில் 'தி அவுட்லைன்' இதழில் கேஸி ஜான்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் தன் அனுபவத்தை எழுதினார். ஸ்பேஸ் பார் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று ஆப்பிள் கடைக்குப் போனால், ஒரு தூசு இருக்கலாம் என்று சொன்னார்கள். தூசுதானே, கீயைக் கழற்றித் துடைத்தால் போகிறது என்று நாம் நினைப்போம். அந்தக் கீபோர்டில் அது நடக்கவில்லை. ஒரு கீக்காக லேப்டாப்பின் மேல்பாதி முழுவதையும், அதில் ஒட்டியிருந்த பேட்டரியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. வாரன்ட்டி முடிந்த இயந்திரத்துக்கு அந்த வேலையின் செலவு சுமார் 700 டாலர்.

கதையின் கனமான இடம் இதுதான். தூசு எல்லாக் கீபோர்டிலும் விழும். இட்லி சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்க்கிறவர்கள் சென்னையில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இருக்கிறார்கள். பட்டர்ஃப்ளை தூசுக்குப் பயந்தது ஒரு வடிவமைப்புக் குறை; எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடியது. கீபோர்டைத் தனியாகக் கழற்ற முடியாதபடி உலோக உடம்போடு சேர்த்து அறைந்து, அதன் அடியில் பேட்டரியையும் பசை போட்டு ஒட்டியது வேறு வகை. அது தெரிந்தே எடுத்த முடிவு. சில ரூபாய் பெறாத பழுதைப் பெருஞ்செலவு ஆக்கியது அந்த முடிவுதான்.

2018 ஏப்ரலில் 'ஆப்பிள் இன்சைடர்' தளம் சர்வீஸ் மையங்களின் தரவுகளைத் திரட்டி, 2016 மேக்புக் புரோவின் கீபோர்டுகள் முந்தைய மாடல்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு பழுதாகின்றன என்று எழுதியது. மே மாதம் கலிஃபோர்னியாவில் கூட்டு வழக்கு பதிவானது. ஜூன் 22 அன்று ஆப்பிள் இலவசச் சேவைத் திட்டம் ஒன்றை அறிவித்தது: வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடம் வரை கீபோர்டை இலவசமாகச் சரிசெய்து தருவோம். ஜூலையில் வந்த மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு கீயின் அடியிலும் மெல்லிய சிலிகான் உறை முளைத்திருந்தது. சத்தத்தைக் குறைப்பதற்காக என்றது நிறுவனம். லேப்டாப்புகளைப் பிரித்து ஆராயும் 'ஐஃபிக்ஸிட்' குழு விடவில்லை. நுண்ணிய வண்ணத் தூளை கீபோர்டின் மேல் தூவிப் பார்த்தார்கள். தூள் உறையின் ஓரங்களிலேயே தங்கியது. உறை எதற்கு என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்து மணல் போட்டார்கள். அதற்கு உறை ஈடுகொடுக்கவில்லை.

2019 மே மாதம் நான்காம் முயற்சியாகக் கீயின் பொருள்களை மாற்றினார்கள். இலவசச் சேவை எல்லா பட்டர்ஃப்ளை மாடல்களுக்கும் விரிந்தது. நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய கத்தரிக்கோல் அமைப்பே திரும்பியிருந்தது. கீ இறங்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர். 2020 மார்ச்சில் ஏர் மாடலும், மே மாதம் 13 அங்குலப் புரோவும் அதே வழிக்கு வந்தன. அதற்குள் விஷயம் ஆஸ்கர் விழா வரை போய்விட்டது. 2020 பிப்ரவரியில் 'ஜோஜோ ராபிட்' படத்தின் திரைக்கதைக்காக விருது வாங்கிய டைகா வைடிட்டியிடம், எழுத்தாளர் சங்கம் தயாரிப்பாளர்களிடம் என்ன கோர வேண்டும் என்று நிருபர்கள் கேட்டபோது, முதலில் ஆப்பிள் அந்தக் கீபோர்டைச் சரிசெய்யட்டும் என்றார் அவர்.

வழக்கு 2022 ஜூலையில் சமரசத்துக்கு வந்தது. தொகை 5 கோடி டாலர். தவறை ஆப்பிள் ஒப்புக்கொள்ளவில்லை. மேல்பாதியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மாற்றியவர்களுக்கு 300 முதல் 395 டாலர், ஒருமுறை மாற்றியவர்களுக்கு 125 டாலர் வரை, கீ மூடி மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை. சான் ஹோசே நீதிமன்றம் 2023 மே மாதம் இறுதி ஒப்புதல் தந்தது. இந்தப் பணம் கலிஃபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன் உள்ளிட்ட ஏழு அமெரிக்க மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டுமே. அதே இயந்திரத்தை, அதே தூசுப் பிரச்னையோடு மும்பையிலோ சென்னையிலோ வாங்கியவர்களுக்கு இந்தச் சமரசத்தில் இடமில்லை.

கீக்கு அடியில் என்ன இருக்கிறது?

இனி நம் மேசைக்கு வரலாம். பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கும் சாதாரணக் கீபோர்டை எடுத்துக்கொள்வோம். கீ மூடிக்கும் கத்தரிக்கோல் சட்டத்துக்கும் கீழே குட்டியாக ஒரு ரப்பர் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதற்குக் கீழே கண்ணாடி போன்ற மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி கலந்த மையால் மெல்லிய தடங்கள் வரைந்திருக்கும். நடுத் தாளில் ஒவ்வொரு கீக்கும் நேராக ஒரு வட்ட ஓட்டை. கீயை அழுத்தும்போது ரப்பர் கிண்ணம் நசுங்கி மேல் தாளை அந்த ஓட்டை வழியே கீழ்த் தாளின் மீது தொட வைக்கிறது. இரண்டு தடங்களும் ஒட்டிய அந்தக் கணத்தில் எழுத்து பிறக்கிறது. விரலை எடுத்ததும் கிண்ணம் நிமிர்கிறது, தாள்கள் பிரிகின்றன.

ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி இழுத்தால் இடம் போதாது. அதனால் தடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அமைக்கிறார்கள். 8 தடங்கள் ஒரு பக்கம், 16 தடங்கள் மறுபக்கம் என்று வைத்தால் வெறும் 24 தடங்களில் 128 கீகளை அடையாளம் காணலாம். இந்தத் தடங்கள் எல்லாம் ஒரு தட்டையான ரிப்பன் கேபிளில் சேர்ந்து மதர்போர்டுக்குப் போகின்றன. அங்கே இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு வினாடிக்குள் பலமுறை ஒவ்வொரு தடத்தையும் சோதித்து, எது எதோடு தொட்டது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் பழுது தானாகவே பேசத் தொடங்கும். ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் அடியில் குப்பை, அல்லது சட்டம் உடைந்திருக்கிறது, அல்லது ரப்பர் கிழிந்திருக்கிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கைந்து கீகள் ஒரே நேரத்தில் செத்துப்போனால், அவை எல்லாம் ஒரே தடத்தில் தொங்குகிறவை. தடம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ரிப்பன் கேபிளின் முனை நழுவியிருக்கிறது. முழுக் கீபோர்டும் மௌனம் என்றால் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே, எந்தெந்தக் கீ போச்சு என்று விசாரிப்பது இதனால்தான். அவருக்குத் துல்லியமாகப் பதில் சொல்கிற வாடிக்கையாளருக்கு நேரமும் காசும் மிச்சம்.

குற்றவாளி கீபோர்டுதானா?

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி இது. கீபோர்டு நல்ல நிலையில் இருக்க, அமைப்பில் ஏதோ ஒன்று மாறிவிட்டதால் பழுது போலத் தோன்றும் தொல்லைகள் பல.

வலப்பக்க ஷிஃப்ட் கீயை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' வசதியை இயக்கலாமா என்று கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கான நல்ல வசதி அது. தெரியாமல் 'ஆம்' சொல்லிவிட்டால், வேகமாகத் தட்டும் எழுத்துகள் விழாது. கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பதிவாகும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்'. யோசிக்கும்போது ஷிஃப்ட்டில் விரல் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வலையில் விழுவார்கள். இரண்டையும் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போய் அணைத்துவிடலாம்.

'யு' தட்டினால் 4 வருகிறது, 'ஜே' தட்டினால் 1 வருகிறது என்றால் 'நம் லாக்' (Num Lock) விழுந்திருக்கிறது. தனி எண்பலகை இல்லாத பழைய சின்ன லேப்டாப்களில் எழுத்துக் கீகளே எண் கீகளாகவும் வேலை செய்யும். ஷிஃப்ட்டோடு 2 தட்டினால் '@' வராமல் மேற்கோள் குறி வருகிறதா? கீபோர்டு அமெரிக்க வகையிலிருந்து பிரிட்டிஷ் வகைக்கு மாறியிருக்கிறது. தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மூன்று மொழிகளை நிறுவி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழிகள் வரிசையாக மாறும். கவனிக்காமல் அது அழுந்திவிடுவதே பல நேரம் காரணம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தகராறு தொடர்ந்தால் இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, நண்பரிடமோ அலுவலகத்திலோ ஒரு யூஎஸ்பி கீபோர்டைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு வந்தால் பழுது மென்பொருளில். அது நன்றாக வேலை செய்தால் சந்தேகம் லேப்டாப் கீபோர்டின் பக்கம் சாயும். இரண்டாவது, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரைக்குள் போய்ப் பார்ப்பது. ஆன் செய்ததும் அதற்குத் தட்ட வேண்டிய கீ டெல் லேப்டாப்பில் 'எஃப்2', ஹெச்பியில் 'எஃப்10', லெனோவோவில் மாடலைப் பொறுத்து 'எஃப்1' அல்லது 'எஃப்2'. அங்கே விண்டோஸின் கை நீளாது. அம்புக் கீகளும் எண்டரும் அங்கேயும் முரண்டு பிடித்தால் பழுது வன்பொருளில்தான்.

கீ ஒன்று தானாகவே அழுந்தி நிற்கிறதோ என்ற சந்தேகமா? விண்டோஸ், கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். உண்மையான கீயை அழுத்தும்போது திரையில் அதே கீ ஒளிரும். யாரும் தொடாமல் ஏதாவது ஒன்று ஒளிர்ந்தபடியே இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. இந்தத் திரைக் கீபோர்டு இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். பாஸ்வேர்டு தட்ட முடியாமல் வெளியே நிற்பவர்கள், உள்நுழையும் திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஆக்சஸிபிலிட்டி குறியை மவுஸால் சொடுக்கி இதை வரவழைக்கலாம்.

மென்பொருள் பக்கம் சந்தேகம் இருந்தால் 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் கீபோர்டை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் தானே அதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் சில சமயம் பலன் தரும்.

குப்பை, காபி, பேட்டரி

குப்பைக்கு மருந்து காற்று. பட்டர்ஃப்ளை கீபோர்டுக்காக ஆப்பிள் வெளியிட்ட துப்புரவு முறை எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்: இயந்திரத்தை அணைத்து, நேர்க்குத்தாக இல்லாமல் 75 டிகிரி சாய்வில் பிடித்து, காற்றுக் குப்பியால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும். பிறகு வலப்பக்கம் திருப்பி ஒருமுறை, இடப்பக்கம் திருப்பி ஒருமுறை. குப்பி எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் பீய்ச்சும். கீ மூடியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் கொக்கிகள் மெல்லியவை. ஒன்று உடைந்தாலும் கீ திரும்ப நிற்காது.

காபி, டீ கொட்டினால் கதையே வேறு. வெறும் தண்ணீரைவிடப் பாலும் சர்க்கரையும் கலந்த பானம் அதிகம் கெடுதி செய்யும். காய்ந்த பிறகும் பிசுக்கு தாள்களுக்கு நடுவே தங்கிவிடும்; ஈரத்தில் மின்சாரம் ஓடினால் வெள்ளித் தடங்கள் அரித்துப்போகும். அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. திறந்திருக்கும் வேலையைச் சேமிக்கக்கூட நிற்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்க வேண்டும். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்ற வேண்டும். பிறகு லேப்டாப்பை விரித்து, கூரை போலக் கவிழ்த்து, துண்டின் மேல் நிறுத்தினால் உள்ளே போனது மதர்போர்டை நோக்கி இறங்காமல் வெளியே வடியும். திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் கீபோர்டில் கொட்டியதை அடிப்பக்க ஓட்டைகள் வழியாக வெளியேற்றும் கால்வாய்களே உண்டு. அந்த வசதி எல்லா லேப்டாப்பிலும் இல்லை.

அரிசி டப்பாவுக்குள் வைக்கும் வைத்தியத்தால் பயனில்லை. திறந்த காற்றில் காய்வதைவிட அரிசி எதையும் கூடுதலாக உறிஞ்சிவிடாது. அதன் மாவுதான் ஓட்டைகளில் சேரும். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்து பார்ப்பது இருப்பதிலேயே மோசமான யோசனை. உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் மதர்போர்டு போய்விடலாம். அணைத்த நிலையிலேயே கடைக்குப் போய், திறந்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவச் சொல்வதுதான் சரி.

இன்னொரு எச்சரிக்கையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. டச்பேட் மேலெழும்பி நிற்கிறது, கீபோர்டு நடுவில் லேசாக வீங்கியிருக்கிறது, சில கீகள் இறங்க மறுக்கின்றன என்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். லித்தியம் பேட்டரிகள் பழசானால் உள்ளே வாயு சேர்ந்து வீங்கும். அழுத்தித் தட்டி உட்கார வைக்க முயன்றால் தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, அன்றே கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஸ்க்ரூவா, அறைந்ததா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் சந்துகளில் லேப்டாப் கீபோர்டு மாற்றும் வேலை நாள் முழுக்க நடக்கிறது. பழைய மாடல்களில் அது சுலபம். அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கீபோர்டை மேலே தூக்கி, ரிப்பன் கேபிளின் பூட்டைத் திறந்து புதியதைச் செருகினால் முடிந்தது. இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் மதர்போர்டு, பேட்டரி, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே கீபோர்டின் முதுகு தெரியும். அதுவும் சி பேனல் என்று கடைக்காரர்கள் சொல்லும் மேல் சட்டத்தோடு, வரிசை வரிசையாக உருக்கிய பிளாஸ்டிக் முளைகளால் அறைந்திருக்கும். பேனலைப் புதிதாக வாங்க வசதியில்லாத வாடிக்கையாளருக்காக, மெக்கானிக் ஒவ்வொரு முளையாகச் சீவி எடுத்துக் கீபோர்டைப் பிரிப்பார். புதியதை வைத்து, சால்டரிங் அயர்ன் நுனியால் மிச்சமிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி அமுக்குவார். பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை. தயாரித்தவர்கள் பத்து ஸ்க்ரூ போட்டிருந்தால் தேவையே பட்டிருக்காத வேலையும்கூட.

மெல்லிய லேப்டாப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற வாதம் நிற்காது. 2021-ல் வெளிவந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப், ஆப்பிளின் மாடல்களோடு ஒப்பிடக்கூடிய ஒல்லி உடம்புதான். அதன் கீபோர்டைத் தனியாக வாங்கி, பெட்டியிலேயே தரப்படும் ஸ்க்ரூடிரைவரால் வீட்டிலேயே மாற்றலாம். மனது வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. மறுபக்கம், 2022 ஆகஸ்ட்டில் மேக்புக்குகளுக்கான சுயபழுது பார்க்கும் திட்டத்தை ஆப்பிள் தொடங்கியபோது, மேக்புக் புரோவுக்குப் பேட்டரி மட்டும் வேண்டியவர்களும் கீபோர்டோடு சேர்ந்த மேல்பாதி முழுவதையும் வாங்க வேண்டியிருந்தது என்று ஐஃபிக்ஸிட் சுட்டிக்காட்டியது.

சட்டங்கள் மெதுவாக நகர்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டப்படி, 100 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு உதிரிபாகங்களும் பழுதுநீக்கும் வழிமுறைகளும் ஏழு வருடத்துக்குக் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி வைக்க வேண்டும் என்ற விதி அமலாகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு ஒன்றை அமைத்து, அதே வருடம் டிசம்பர் 24 அன்று 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் திரட்டும் முயற்சி அது. நல்ல தொடக்கம்தான், ஆனால், உதிரிபாகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தின் வேலையை ஓர் இணையதளம் செய்துவிடாது. உலகிலேயே மலிவாகவும் திறமையாகவும் பழுது பார்க்கும் கைகள் நிறைந்த நாட்டுக்கு அந்தச் சட்டம் எல்லோருக்கும் முன்னால் வந்திருக்க வேண்டும்.

அது வரும்வரை வாங்குகிறவர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. டெல், ஹெச்பி, லெனோவோ நிறுவனங்கள் பெரும்பாலான மாடல்களுக்கான சர்வீஸ் கையேட்டைத் தங்கள் தளங்களிலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. அடுத்த லேப்டாப்புக்குக் காசு கொடுக்கும் முன், அந்த மாடலின் கையேட்டைத் தரவிறக்கி உதிரிபாகங்கள் பட்டியலைப் பாருங்கள். பிராசஸர், ரேம், திரை என்று பார்க்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். கீபோர்டு தனி உதிரிபாகமாக இருக்கிறதா, மேல் சட்டத்தோடும் பேட்டரியோடும் சேர்ந்த ஒரே பாகமாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். சேர்ந்தே இருந்தால், எவ்வளவு அழகான மாடலாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.